பர்மாவில் பனைக்கு என்ன பேர்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, பர்மிய மொழியில் பனைமரத்தை எப்படிச் சொல்வது? தன், தான், டான் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்களே?

பதில்: தன். த-வைக் கொஞ்சம் மூச்சுக்காற்றோடு தள்ளிச் சொல்லி, கடைசி ன்-ஐ நாக்குப் படாமல் மூக்கிலேயே விட்டுவிடுங்கள், சரியாக வரும். தமிழ் எழுத்தில் அது முழுசாகப் பிடிபடாது, அதனால்தான் இத்தனை வடிவம். மரத்தைக் குறிக்க 'பின்' சேர்த்துத் தன்பின். பனம்பழம் என்னும்போது ம்-க்கு அடுத்த ப நம் வாயில் தானாக மெலிகிறதே, அதே ப தான் இங்கும், நமக்குச் சிரமமே இல்லை.

கேள்வி: கள்ளுக்கும் பதநீருக்கும் தனித்தனிப் பேர் உண்டா?

பதில்: இரண்டுமே தன்யே தான், பனஞ்சாறு. இனிப்பாக இருந்தால் தன்யே ஜோ, புளித்து ஏறிவிட்டால் தன்யே கா, அதாவது கசப்பு. நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவினோமா இல்லையா என்பதை வைத்துப் பிரிக்கிறோம், அவர்கள் ருசியை வைத்துப் பிரிக்கிறார்கள். காலையில் இறக்கியதும் குடிக்க வேண்டும், வெயில் ஏற ஏற ஜோ போய் கா வந்துவிடும். காய்ச்சி வடித்த சாராயம் தன்அயெ. மரம் ஏறுபவர் தன்தமா.

கேள்வி: கருப்பட்டி?

பதில்: இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எழுதுவது தன்-ல்யெ, பேசுவது தன்யெ, கடைசியில் தொண்டையைச் சட்டென்று அடைத்து நிறுத்த வேண்டும். அந்த அடைப்பை விட்டுவிட்டால் கள் கேட்டது போல ஆகிவிடும். பகான் பக்கமிருந்து போப்பா மலைக்குப் போகும் வழியில் கொட்டகை கொட்டகையாக இதைக் காய்ச்சுகிறார்கள். அகலமான சட்டியில் சாறு பழுப்பாகிக் கெட்டிப்படும் வரை கிண்டி, சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிப் போடுவார்கள். தேங்காய்த் துருவல், எள் சேர்த்ததும் கிடைக்கும். சாப்பாடு முடிந்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பால் இல்லாத பச்சைத் தேநீர் குடிப்பது அங்கே வழக்கம், ஒரு முறையாவது அப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நுங்கு, பனம்பழம், கிழங்கு எல்லாம் சாப்பிடுவார்களா?

பதில்: காயும் பழமும் தன்தீ. பழச்சதையை அரிசி மாவில் பிசைந்து அவித்து, மேலே தேங்காய் தூவினால் தன்தீ மொன், அருமையான பலகாரம். கிழங்கு தன்பின்ம்யி, நம்மைப் போலவே அவித்துச் சாப்பிடுகிறார்கள். காகம் மிதிக்கவும் பனம்பழம் விழவும் சரியாக இருந்தது என்று ஒரு பழமொழிகூட அங்கே உண்டு, நம்முடையதேதான்!

கேள்வி: அப்படியானால் ஓலைச்சுவடியைத் தன்யுவெ என்று எழுதலாமா ஐயா? ஒரு கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

பதில்: வேண்டாம். தன்யுவெ என்றால் பனையோலை, அதில் கூரையும் வேய்வார்கள். பர்மியச் சுவடிகள் பெரும்பாலும் தாளிப்பனை என்ற வேறு வகைப் பனையின் ஓலையில் எழுதியவை, அந்த மரத்துக்குப் பேர் பே, சுவடி பேசா. கட்டுரையில் பேசா என்றே போட்டு, தாளிப்பனை என்று தமிழில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.