பனி விழும் ஏரிக்கரையில் முந்திரிகை

கேள்வி: நியூயோர்க் மாநிலத்தில் வசிக்கும் என் மகள், ஃபிங்கர் லேக்ஸ் ஏரிக்கரையில் முந்திரிகைத் தோட்டங்கள் பனி மூடிக் கிடக்கும் படங்களை அனுப்பியிருக்கிறாள். யாழ்ப்பாணத்து வெயிலில் முந்திரிகைப் பந்தல் பார்த்து வளர்ந்த எனக்கு இது வியப்பாக இருக்கிறது. அங்கே வைன் தொழில் எப்படி வேரூன்றியது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதற் காரணம் ஏரிகளின் ஆழந்தான். ஏறத்தாழ 188 மீற்றர் ஆழமுள்ள செனெக்கா ஏரி, கோடையில் உள்வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலம் முழுவதும் மெல்ல வெளிவிடுவதால், கரையோரச் சரிவுகளில் குளிரின் கடுமை சற்றுத் தணிகிறது. இளவேனிலில் அதே நீர் குளிர்ந்து கிடப்பதால் கொடிகள் அவசரப்பட்டுத் தளிர்ப்பதில்லை. பிந்திவரும் உறைபனியில் தளிர் கருகுவதும் குறைகிறது.

அங்குள்ள ஹமண்ட்ஸ்போர்ட் என்ற ஊரில் வில்லியம் பொஸ்ட்விக் என்ற பாதிரியார் 1829இல் நட்ட கொடிகளிலிருந்து இக்கதையைத் தொடங்குவது வழக்கம். ஆயினும் நெடுங்காலம் அங்கு கைகொடுத்தவை கட்டாவ்பா, கொன்கோர்ட் போன்ற அமெரிக்க இனங்களே. அவற்றின் தூக்கலான வாசனை, பழமாகத் தின்னும்போது இனிக்குமே தவிர, வைனில் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு இத்தொழிலைப் பெரிதும் முடக்கியது.

ஐரோப்பிய இனங்கள் அக்குளிரைத் தாங்கமாட்டா என்ற நம்பிக்கையை உடைத்தவர், உக்ரேனில் பிறந்து 1951இல் அமெரிக்கா வந்த முந்திரிகை வளர்ப்பு அறிஞர் கொன்ஸ்டன்டீன் ஃபிராங்க். அவர் சொன்னதைப் பலர் பொருட்படுத்தாதபோது, பிரான்சின் ஷம்பேன் பகுதியிலிருந்து வந்து கோல்ட் சீல் வைன் நிறுவனத்தில் இருந்த சார்ல்ஸ் ஃபூர்னியே நம்பிக்கையோடு அவரை வேலைக்கு அமர்த்தினார். புகழ் ஃபிராங்குக்கே போய்விட்டது. அதில் பாதி ஃபூர்னியேக்கு உரியது என்பேன். குளிர் தாங்கும் வேர்க்கட்டைகளில் ரீஸ்லிங் முதலிய ஐரோப்பியக் கொடிகளை ஒட்டி அவர்கள் வெற்றி கண்டார்கள். இன்றும் அப்பகுதியில் இலையுதிர் காலத்தில் ஒட்டு மூடும்வரை மண் அணைத்து, இளவேனிலில் அதை விலக்கிவிடுகிறார்கள். வெளியே தண்டு உறைந்து செத்தாலும், மண்ணுக்குள் ஒட்டுக்கு மேலிருக்கும் அரும்பு தப்பினால், அதிலிருந்து ரீஸ்லிங்கே மறுபடி துளிர்க்கும். 1962இல் ஃபிராங்க் தம் சொந்த வைன் நிலையத்தைத் தொடங்கினார்.

எனினும் தோட்டக்காரர் கைக்குத் தொழில் வந்தது 1976ஆம் ஆண்டின் சட்டத்தால்தான். சிறிய அளவில் வைன் வடிப்போர் அதைத் தம் தோட்டத்திலேயே நேரடியாக விற்க அது வழிவிட்டது. அதுவரை பெரிய நிறுவனங்களுக்குப் பழம் விற்றவர்களிற் பலர் தாமே வடிக்கத் தொடங்கினார்கள்.

கொன்கோர்ட் இன்றும் அங்கே விளைகிறது. பெரும்பாலும் சாறுக்கும் ஜாமுக்கும் போகிறது. செப்டெம்பர் பிற்பகுதியில் மகளிடம் போவீர்களானால், நேப்பிள்ஸ் என்ற சிற்றூரில் அப்பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ (pie) என்ற இனிப்புப் பண்டத்தையும் உண்டு பாருங்கள்.