பொறாமை, அழுக்காறு, வயிற்றெரிச்சல்: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி: பொறாமைக்குச் சரியான பொருள் என்ன? அதற்கு வேறு சொற்கள் உண்டா?

சொல்லைப் பிரித்தாலே பாதி விளங்கிவிடும். பொறு என்ற வினையின் எதிர்மறைதான் பொறாமை: பொறுக்க முடியாமை. எதைப் பொறுக்க முடியாமல்? அடுத்தவருடைய உயர்வை. உடன் வேலை பார்ப்பவருக்குப் பதவி உயர்வு வந்ததும் 'வாழ்த்துகள்' என்கிறோம். உள்ளே ஏதோ சுருக்கென்கிறதே, அதுதான்.

திருக்குறளில் இதற்கு அழுக்காறு என்று பெயர். 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை, அடுத்ததே வெஃகாமை. இந்த வரிசை எனக்குப் பிடிக்கும். அவனிடம் இருக்கிறதே என்று வேகுவது அழுக்காறு. அதையே எனக்கு எடுத்துக்கொள்ள நினைப்பது வெஃகல். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆத்திசூடியில் வரும் ஔவியமும் பொறாமைதான். அசூயை வடமொழி வழி வந்தது, இப்போது எழுத்தில்தான் அதிகம்.

காழ்ப்பு வேறு. அதில் பகை ஊறிக் கெட்டிப்பட்டிருக்கும். பொறாமை இல்லாமலும் காழ்ப்பு வரலாம்.

பேச்சில் வயிற்றெரிச்சல். ஆனால் கவனம், இதற்கு இரண்டு முகம். 'அவனுக்கு வயிற்றெரிச்சல்' என்றால் பொறாமை. 'என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே' என்றால் அநியாயம் செய்யப்பட்டவரின் ஆற்றாமை.

சரி, காதலில் வருவது? அதற்கும் பொறாமை என்றே சொல்கிறோம். ஆனால் அங்கே இல்லாததற்கான ஏக்கமில்லை, இருப்பது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அதனால்தானோ என்னவோ, இளைஞர்கள் 'பொசசிவ்' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டார்கள்.