டப்பாவில் இருக்கும் பயறு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஊட்டம், சுவாசம், வளர்ச்சி, இயக்கம், கழிவுநீக்கம், தூண்டலுக்குத் துலங்கல், இனப்பெருக்கம் என்று உயிர்ச்செயல்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், "டப்பாவுல இருக்கிற பச்சைப்பயறு இதுல ஒண்ணுகூட செய்யலையே, அது செத்ததா?" என்று கேட்டுவிட்டாள். மிக மெதுவாகச் சுவாசிக்கிறது என்றேன். "யாரு பார்த்தது?" என்கிறாள். கோவேறு கழுதை குட்டி போடாதே, அதற்கும் உயிரில்லையா என்று அடுத்த கேள்வி. என்ன சொல்வது?

க. மு., அரூர்

அன்புள்ள க. மு.,

கழுதையை முதலில் அவிழ்த்து விட்டுவிடுவோம். அது குட்டி போடாவிட்டாலும் அதன் தோலிலும் குடலிலும் செல்கள் தினமும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. இனப்பெருக்கம் இனத்தைப் பற்றிச் சொன்னது. தனி உயிருக்குப் போட்ட நிபந்தனை அல்ல.

பயறு அவ்வளவு சுலபத்தில் தீராது. நீங்கள் சொன்ன பதில் ஈரம் மிச்சமிருக்கும் விதைக்குப் பொருந்தும். சரியாகக் காயாத நெல்லைக் குவித்துவைத்துவிட்டு மறுநாள் அம்பாரத்துக்குள் கையை விட்டால் சுடும். நெல்லும் அதில் பற்றிய பூஞ்சையும் சேர்ந்து சுவாசிக்கும் சூடு அது. விதைநெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சான்றளிப்பில் விதி வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனால் இன்னும் நன்றாக உலர்த்தி, நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைக் கிடங்கில் செய்வதுபோல் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் செல்லுக்குள் இருப்பதெல்லாம் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. நொதிகள் நகர வழியில்லை. சுவாசம் என்று அளந்து காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. உயிரின் அடையாளம் எதுவும் வெளியே தெரியாத இப்படிப்பட்ட நிலைக்கு 1959-இல் உயிரியலாளர் டேவிட் கெய்லின் 'கிரிப்டோபயாசிஸ்' என்று பெயர் வைத்தார். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-இல் ஊன்றினார்கள், முளைத்து மரமாகிவிட்டது. அத்தனை நூற்றாண்டும் அது விடாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்படியென்றால் செத்த விதையிலிருந்து அதைப் பிரிப்பது எது? விதைப் பரிசோதனை செய்பவர்களிடம் இதற்கு நல்ல கைவேலைகள் உண்டு. விதையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்ப்பார்கள். செல்சவ்வு சிதைந்த விதையிலிருந்து உப்புகள் கசிந்துவிடுவதால் அதிகம் பாயும். இன்னொன்று கண்ணுக்கு விருந்து. இரவு ஊறிய மக்காச்சோளத்தைக் கருவும் இரண்டாகும்படி நெடுக்குவாட்டில் பிளந்து, நிறமற்ற டெட்ரசோலியம் கரைசலில் போடுகிறார்கள். சில மணி நேரத்தில் உயிருள்ள கரு குங்குமச் சிவப்பாகிறது. செத்தது வெளுப்பாகவே கிடக்கிறது. சாயம் பூசியதல்ல அந்தச் சிவப்பு. சுவாச நொதிகள் வேலை தொடங்கியதும் செல்லுக்குள்ளேயே உண்டாவது.

ஏழையும் ஒரே வரிசையில் நிறுத்தும் அந்தப் பட்டியலோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. மற்றவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஆற்றல். அந்த ஆற்றலுக்கு ஓட்டையில்லாத ஒரு சவ்வு வேண்டும். இதை 1961-இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, 1978-இல் நோபல் கொடுத்தார்கள். செல் புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளிச் சேர்க்கிறது. அவை திரும்பி வரும் வழியில் ஒரு புரத இயந்திரம் நிஜமாகவே சுழன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்கிறது. தயிரிலுள்ள பாக்டீரியா முதல் முருங்கை இலை, நம் ஈரல் வரை ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் அதே சுழல் இயந்திரம் உண்டு. நம் உடம்பு ஒரு நாளில் சுழற்சியில் ஆக்கிச் செலவழிக்கும் ஏடிபி, ஏறத்தாழ நம் எடை அளவு.

சாவி கொடுக்காத கடிகாரமும் நிற்கிறது, உடைந்த கடிகாரமும் நிற்கிறது. உலர்ந்த பயறு முதல் வகை. தண்ணீர் பட்ட சில மணி நேரத்துக்குள் செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியா வேலையை எடுத்துக்கொள்கிறது. விதை காயும்போதே சேமித்துவைத்த ஆர்என்ஏ சீட்டுகளை, புரதம் செய்யும் ரைபோசோம்கள் படிக்க ஆரம்பிக்கின்றன. (சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பகிர்ந்துகொண்டது இந்த ரைபோசோமின் அமைப்பைக் காட்டியதற்காக.) கிடந்த காலத்தில் டிஎன்ஏவில் விழுந்த சேதங்களைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்தே நடக்கிறது. செல் பிரிவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"யாரு பார்த்தது?" என்றாளே, அவளையே பார்க்க வையுங்கள். அரைப்படிப் பச்சைப்பயறும் அரைப்படி வறுத்த பயறும் தனித்தனியாக ஊறவைத்து, நீரை வடித்துத் துணியில் இறுகக் கட்டி, மறுநாள் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஆய்வக வெப்பமானியைச் செருகச் சொல்லுங்கள். எது கதகதப்பாக இருக்கிறது என்பதை அவளே சொல்வாள். தேர்வில் மட்டும் "மிக மெதுவாகச் சுவாசிக்கிறது" என்றே எழுதட்டும். திருத்துபவர் கையில் அந்த விடைதான் இருக்கும்.