பண்பாடு மட்டும் போதுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

கடந்த டிசம்பரில் நீலகிரியில் இருக்கும் கூடலூர் போயிருந்தேன். தங்கிய விடுதியில் ஒரு மாலை பணியர் பழங்குடி மக்கள் துடிப் பறை கொட்டி ஆடினார்கள். மனம் உருகிவிட்டது. திரும்பி வந்ததும் நண்பர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். சிங்கப்பூரில் பழங்குடிகள் யாரும் இல்லை என்பதால், தமிழ்நாட்டு அமைப்பு ஒன்றுக்குப் பணம் அனுப்பலாம், இங்கே ஆண்டுக்கொரு கலை இரவு நடத்தலாம் என்று திட்டம். அரசியல் வேண்டாம், பண்பாட்டை மட்டும் காப்போம் என்பது எல்லாருடைய கருத்து. எந்த அமைப்புக்குப் பணம் அனுப்புவது? எங்கள் குழுவுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், பொங்கோல்

அன்புள்ள தம்பி,

துடிச் சத்தம் கேட்டு உருகிய மனம் நல்ல மனம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி வரப்போவது திட்டு. பெயரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் பழங்குடிகள் யாரும் இல்லை என்று எப்படி எழுத மனம் வந்தது? நம் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களை இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்கிறது. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது காலாங் ஆற்று முகத்துவாரத்தில் படகையே வீடாக்கி வாழ்ந்துகொண்டிருந்தார்கள் ஓராங் காலாங் மக்கள். வடக்கே ஜோகூர் நீரிணையில் ஓராங் சிலேத்தார். நீங்கள் குடியிருக்கும் பொங்கோல் அந்த நீரிணையின் கரைதான். சிலேத்தார் மக்கள் இன்று அக்கரையில், ஜோகூரில் இருக்கிறார்கள். சுங்கை தெமோன், பாக்கார் பத்து கிராமத்துக்காரர்கள் தங்கள் நிலத்துக்காக வழக்காடி, 2017இல் ஜோகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். கடற்பாலத்தைத் தாண்டினால் போய்ப் பார்த்துவிடலாம். கூடலூருக்கு விமானம் ஏறிய உங்களுக்கு இது தெரியாமல் போனது எனக்கு வருத்தம்.

ஆனால் நான் உட்கார்ந்து எழுதுவது இன்னொரு வரிக்காக. "அரசியல் வேண்டாம், பண்பாட்டை மட்டும் காப்போம்." ஒரு மாதமாக இதேதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் எங்கள் பழைய பக்கத்து வீட்டு மக்சிக் இறந்துபோனார். மலாயில் மக்சிக் என்றால் அத்தை, சித்தி மாதிரி.

எண்பதுகளில் நாங்கள் தெலுக் பிளாங்காவில் வீவக அடுக்குமாடி வீட்டில், பத்தாவது மாடியில் இருந்தோம். இரண்டு வீடு தள்ளி மக்சிக் குடும்பம். எழுபதுகளின் கடைசியில் செமாக்காவ் தீவுக்காரர்களை இக்கரைக்குக் குடிமாற்றியபோது வந்தவர்கள். ராத்திரி சன்னல் வழியாக நிலாவைப் பார்த்துவிட்டு, விடிகாலையில் தண்ணீர் எப்போது இறங்கும் என்று சொல்வார். அந்த நேரத்துக்கு லாப்ரடோர் கரைக்குப் போய் கோங்கோங் என்கிற கடல் நத்தை பொறுக்கி வருவார். அவித்து, குண்டூசியால் சதையைச் சுழற்றி இழுத்து, சம்பாலில் தொட்டு என் வாயில் போடுவார். எங்கள் வீட்டில் கவிச்சி ஏறாத வெள்ளிக்கிழமைகளிலும் நான் அங்கே தின்றிருக்கிறேன். பிற்பகலில் நடைவழிக் கம்பியில் வலையைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, மூங்கில் ஊசியால் கிழிசலைப் பின்னுவார்.

ஒருமுறை அக்கம்பக்கத்தில் பல்லினக் கலை விழா. மக்சிக்கை மேடையேற்றித் தீவுப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். நல்ல கைத்தட்டல். சில நாளில் அவர் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: நடைவழியில் வலை இடைஞ்சலாக இருக்கிறது, அகற்றாவிட்டால் அபராதம். மக்சிக் வலையை அறுத்துப் போட்டார். அதில் ஒரு துண்டை அம்மா கேட்டு வாங்கி, தொட்டியில் படர்ந்த பாகற்கொடிக்குக் கட்டினார். பையன்களுக்கு ஏன் வலை பின்னச் சொல்லித்தரவில்லை என்று, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவரிடம் கேட்டேன். "பின்னிக்கொண்டு போய் எந்தக் கடலில் போடுவான்?" என்றார்.

அவர் கடல் என்ன ஆனது என்று தெரியுமா, தம்பி? செமாக்காவுக்கும் பக்கத்துச் சாக்கெங் தீவுக்கும் இடையே கிடந்த கடலை 7 கிலோமீட்டர் கற்கரை போட்டு வளைத்து, 1999இல் குப்பை நிலம் திறந்தார்கள். நேற்று நீங்கள் குப்பைக் குழாயில் போட்டது எரிந்து சாம்பலாகி, துவாஸில் தோணி ஏறி அங்கேதான் போகிறது. என் வீட்டுக் குப்பையும் அங்கேதான். 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்தச் சாம்பலை ஒதுக்கிவைத்துவிட்டுத் தீவுப் பாட்டை மட்டும் எப்படிக் காப்பீர்கள்? பாட்டுக்குள் வருவதே அந்தத் தண்ணீரும் அந்த மீனும்தானே.

கூடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த பணியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் அடிமைகளாக உழைத்தவர்கள். எண்பதுகளின் நடுவில் அங்கே ஊர் ஊராகச் சங்கங்கள் கூடின. அவை சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆனது. 1988இல் ஆயிரக்கணக்கானவர்கள் நில உரிமை கேட்டுக் கூடலூர் தெருவில் நடந்தார்கள். மீட்ட நிலம் கைவிட்டுப் போகாமலிருக்கத் தேயிலை நட்டார்கள். பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்றுச் செவிலியராக வேலை பார்க்கும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அந்த வேரில் வந்தவை. விடுதி முற்றத்தில் கேட்ட துடிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. அதில் எதை அரசியல் என்று கழிப்பீர்கள்?

தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1992 ஜூன் 20, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அந்தப் பெண்கள் பக்கம் நின்று வழக்கைத் தூக்கிச் சுமந்தது. 2011இல் தீர்ப்பு. மேல்முறையீடு முடிந்து உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2023. 31 ஆண்டு. அரசியல் வேண்டாம் என்று அந்தச் சங்கத்துக்காரர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பெண்கள் யாரிடம் போயிருப்பார்கள்? உங்கள் குழுவில் இந்தக் கேள்வியைப் போடுங்கள். பதில் சொல்லாமல் பூங்கொத்துப் படம் அனுப்புகிறவர்களைக் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் உங்களுக்கு இது உறுத்துவதே எனக்குச் சந்தோஷம்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேயே, செமாக்காவ் வழிவந்த ஃபிர்டாவுஸ் சானி 2020இல் தொடங்கிய ஓராங் லாவுட் எஸ்ஜி என்ற அமைப்பு இருக்கிறது. ஓராங் லாவுட் என்றால் கடல் மக்கள். தீவுச் சமையலையும் கதைகளையும் அவர்களே சொல்கிறார்கள். முதலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் கேளுங்கள், கலை இரவுக்கு ஆள் கேட்டுப் போகாதீர்கள். தமிழ்நாட்டுக்கு அனுப்புவதானால், அமைப்பின் நிர்வாகக் குழுவில் அந்தச் சமூகத்து ஆட்கள் எத்தனை பேர், காசோலையில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்க அவர்களிடம் இந்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். உங்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வெளிநாட்டு உதவிக்காக இங்கே பொதுமக்களிடம் வசூலிப்பதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. அந்த விண்ணப்பத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா