எண் இங்கே, அலகு அங்கே: வரி முறிவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கையேட்டில் "25" வரியின் கடைசியிலும் "மி.மீ." அடுத்த வரியிலும் போய் நிற்கிறது. எண்டர் தட்டிச் சரிசெய்தால் மறுநாள் வேறு கோணல். என்ன செய்வது?

பதில்: எண்டர் தட்டுவதுதான் வினை. மேலே ஒரு சொல் கூடினாலும் எழுத்துரு மாறினாலும் அந்த எண்டர் பத்தியின் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். ஷிஃப்ட் எண்டரும் அதே கதைதான். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் பிரியாத இடைவெளி (நான்பிரேக்கிங் ஸ்பேஸ்) போடுங்கள். வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். மேக்கில் ஆப்ஷனும் ஸ்பேஸும். இனி இரண்டும் சேர்ந்தே அடுத்த வரிக்குப் போகும்.

கேள்வி: ஆவணம் 200 பக்கம். ஒவ்வொன்றாகவா மாற்றுவது?

பதில்: வேண்டாம். வேர்டின் ஃபைண்ட் ரீப்ளேஸில் தேட வேண்டியதாக ஒரு சாதா இடைவெளியும் "மி.மீ." என்பதும் கொடுங்கள். மாற்றும் பெட்டியில் ஸ்பெஷல் பட்டியலிலிருந்து நான்பிரேக்கிங் ஸ்பேஸ் எடுத்து, அதன் பின் "மி.மீ." எழுதுங்கள். "மீ." என்ற அலகைத் தேடும்போது புள்ளியை விட்டுவிடாதீர்கள், விட்டால் "மீண்டும்", "மீது" எல்லாம் முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி நாலைந்து சொல் ஒட்டிப் போனால் மேல் வரி பாதி காலியாகும், இருபக்கமும் சீராக்கிய பத்தியில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும்.

கேள்வி: "படம் 3-இல்" என்று எழுதினால் "இல்" மட்டும் அடுத்த வரிக்கு ஓடுகிறதே, சார்?

பதில்: தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தீராத தொல்லை. சாதா ஹைஃபனுக்குப் பின்னால் வரியை முறிக்கலாம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அங்கே கண்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் அழுத்துங்கள், பிரியாத ஹைஃபன் விழும். வெப்பநிலை -5 என்று வரும் இடத்திலும் இதையே செய்யுங்கள். குறி மேல் வரியிலும் 5 கீழ் வரியிலும் விழுந்தால் படிப்பவர் அதைப் பிளஸ் 5 என்று எடுத்துக்கொள்வார். தொழில்நுட்ப ஆவணத்தில் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

"படம்", "3" இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கும் ஒரு வழி உண்டு. வேர்டின் கேப்ஷன் வசதியில் போட்ட தலைப்பென்றால், படத்தின் அடியில் உள்ள அந்தத் தலைப்பிலேயே பிரியாத இடைவெளி போட்டுவிடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் ஏ, புதுப்பிக்க எஃப்9. அந்தப் படத்தைச் சுட்டி வேர்டின் வசதியால் செருகிய குறுக்குக் குறிப்புகள் ("படம் 3" போன்றவை) எல்லாம் தாமே மாறிவிடும்.

கேள்வி: பகுதித் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் அதன் பத்தி அடுத்த பக்கத்திலும் வருகிறது.

பதில்: தலைப்பின் ஸ்டைலில் கீப் வித் நெக்ஸ்ட் (அடுத்த பத்தியோடு சேர்த்தே வைக்கும் அமைப்பு) போடுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: டெர்மினலில், அதாவது கணினிக்குக் கட்டளை தட்டும் சாளரத்தில், கொடுக்கும் கட்டளைகளுக்கும் இதே வித்தை பலிக்குமா?

பதில்: கூடவே கூடாது! படிப்பவர் அதை நகலெடுத்து ஒட்டுவார். பிரியாத இடைவெளியும் பிரியாத ஹைஃபனும் கண்ணுக்குச் சாதாவாகத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு எழுத்துகள். கட்டளை பிழை காட்டும், காரணம் லேசில் பிடிபடாது. கட்டளையைத் தனிப் பத்தியாக, சிறிய எழுத்தில், இடப்பக்கம் சீராக்கி வையுங்கள். பிரியாத இடைவெளி ஏற்கெனவே நுழைந்திருக்கிறதா என்று பார்க்க கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்துங்கள்: வேர்டில் சாதா இடைவெளி நடுப்புள்ளியாகவும் பிரியாதது டிகிரி குறி போன்ற சின்ன வட்டமாகவும் தெரியும்.