டேங்க் வழுவழுப்பும் தண்ணீர் நோயும்: கேள்வி பதில்

மாதா மாதம் டேங்கில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிறோம், அக்கா. ஆனாலும் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருக்கிறது. அளவு போதவில்லையா?

டேங்க் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், தம்பி. வழுவழுவென்று இருக்கிறதா? பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசையைச் சுரந்து கூட்டமாகக் குடியிருக்கும் இடம் அது. உயிர்ப்படலம் என்போம். அதில் இருப்பதெல்லாம் நோய்க்கிருமி இல்லை. ஆனால் எங்கிருந்தோ சாக்கடை கசிந்து ஒரு நோய்க்கிருமி உள்ளே வந்தால், அதற்கும் அங்கே இடம் கிடைத்துவிடும். நீங்கள் போடும் பவுடரிலுள்ள குளோரின் பசையின் மேற்பரப்பிலேயே செலவாகிவிடுகிறது. அடியில் இருப்பவை பிழைத்து, பிறகு பெயர்ந்து தண்ணீரில் கலக்கின்றன. அதனால் முதலில் தேய்ப்பு, அப்புறம்தான் மருந்து. சம்ப் பக்கத்தில் கழிவுக் குழாய் ஓடுகிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

தேய்த்த பிறகு எவ்வளவு பவுடர்?

1000 லிட்டர் டேங்கை நிரப்பி 150 கிராம் கரைத்துவிடுங்கள். குழாய்களிலும் அந்த வாசனை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். குழாய்க்குள்ளும் படலம் இருக்கும். ஓர் இரவு விட்டு, முழுவதையும் வெளியேற்றி அலசுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். அன்றாடக் குடிநீருக்கு, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும்.

எங்கள் பாட்டி பழைய சேலைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். அதில் பயன் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வே இதைப் பற்றியதுதான். காலரா கிருமி தனியாக நீந்தும், அதோடு ஆற்றிலும் குளத்திலும் உள்ள நுண்ணிய மிதவை உயிரிகளின் ஓட்டில் படலமாகவும் ஒட்டிக்கொள்ளும். கிருமி துணிக்குள் புகுந்துவிடும், அந்த உயிரி புகாது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டிய ஊர்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. பழைய சேலைதான் நல்லது: துவைத்துத் துவைத்து இழை பிரிந்து, துளை சிறுத்திருக்கும். வடிகட்டியதும் துணியை அலசி வெயிலில் காயப்போடுங்கள். தனியாக நீந்தும் கிருமி தப்பிவிடும் என்பதால், விறகோ கேஸோ இருக்கும் வீட்டில் கொதிக்கவும் வைத்துவிடுங்கள்.

செம்புக் குடத்தில் ஊற்றி வைத்தால் போதாதா?

இரவு முழுக்க வைத்தால் செம்பு பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் உட்புறம் கறுத்துக் களிம்பேற விடாதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு மட்டும் அதில் வேண்டாம்.

ஃபில்டர் மெஷின் இருக்கிறது. நாங்களும் கவலைப்பட வேண்டுமா?

மெஷின் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள்.