புதிய வலைத்தளத்தை வெப் டைரக்டரிகளில் எப்படிப் பதிவு செய்வது? இன்றைக்கும் அதனால் பயன் உண்டா?

பயன் உண்டு, ஆனால் பொறுக்கி எடுத்த சில இடங்களில் மட்டும். நூற்றுக்கணக்கான டைரக்டரிகளில் ஒரே நாளில் ஏற்றித் தருவதாகச் சொல்லும் சேவைகளை வாங்க வேண்டாம். உங்கள் துறைக்கான ஐந்தாறு டைரக்டரிகளில், சரியான பிரிவில், கையால் நிரப்பிய பதிவுகள் போதும். பொதுவாக ஒரு பதிவுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி படிவத்தை நிரப்புவதில் போகாது, பிரிவைத் தேடுவதில்தான் போகும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். தேடுபொறியில் சேர்ப்பது வேறு, டைரக்டரியில் சேர்ப்பது வேறு. கூகுளுக்கும் பிங்குக்கும் சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியலை, அவற்றின் வெப்மாஸ்டர் கருவிகள் வழியாகக் கொடுத்தால் போதும், பக்கங்களை அவற்றின் நிரல்கள் தாமாகவே வந்து எடுக்கும். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வலைப்பதிவின் ஊட்டத்தை (ஃபீட்) படித்துப் புதிய இடுகைகளைத் தாமே காட்டின. டைரக்டரி இந்த இரண்டும் அல்ல. உங்கள் தளம் எதைப் பற்றியது, எந்தப் பிரிவில் வரும் என்பதை ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யும் பட்டியல் அது. டைரக்டரியின் மதிப்பு முழுவதும் அந்த மனிதரின் பார்வையில்தான் இருக்கிறது. பார்க்க ஆள் இல்லாத டைரக்டரி வெறும் இணைப்புக் குப்பை.

பழைய வரலாறு கொஞ்சம் தெரிந்தால் இன்றைய நிலை புரியும். 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தொகுத்த தளப் பட்டியல்தான் யாஹூவாக வளர்ந்தது. பின்னாளில் வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டாலர் வாங்கிக்கொண்டு பரிசீலித்த அந்த டைரக்டரி 2014 டிசம்பரில் மூடப்பட்டது. தன்னார்வ ஆசிரியர்கள் நடத்திய டிமாஸ் (DMOZ) டைரக்டரி 1998இல் தொடங்கி 2017 மார்ச்சில் நின்றது. அதன் தொகுப்பை கர்லி (Curlie) என்ற பெயரில் பழைய ஆசிரியர்கள் தொடர்கிறார்கள், பதிவுக்குக் கட்டணம் இல்லை. இடைப்பட்ட காலத்தில், இணைப்பு எண்ணிக்கை கூடினால் தேடலில் மேலே வரலாம் என்ற ஆசையில் ஆயிரக்கணக்கான போலி டைரக்டரிகள் முளைத்தன. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் அந்த வழியை அடைத்தது. தரம் குறைந்த டைரக்டரி இணைப்புகளை கூகுள் தன் ஸ்பேம் கொள்கையில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே தரவரிசைக்காகப் பதிவு செய்யாதீர்கள். அந்தப் பிரிவைத் தேடி வரும் வாசகருக்காகப் பதிவு செய்யுங்கள்.

ஒரு டைரக்டரி நல்லதா என்று எடை போட அதன் முகப்புப் பக்கத்தைப் பார்த்துப் பயன் இல்லை. உங்கள் இணைப்பு வரப்போகும் பிரிவுப் பக்கத்தைத் திறங்கள். அங்கே இருக்கும் தளங்களில் பத்தைச் சொடுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் செத்திருந்தாலோ சூதாட்டம், கடன் விளம்பரம் என்று வேறெங்கோ போனாலோ, அதைக் கவனிக்க ஆசிரியர் இல்லை என்று பொருள். பிறகு அந்தப் பிரிவுப் பக்கத்தின் முகவரியை, முன்னால் site: என்று சேர்த்து, சாதாரண கூகுள் தேடலில் தேடுங்கள். அந்தப் பக்கமே கூகுளின் அட்டவணையில் இல்லையென்றால் தேடல் வழியாக அங்கே யாரும் வரப்போவதில்லை. மூன்றாவதாக, பக்கத்தின் மூல நிரலைத் திறந்து ஏற்கெனவே உள்ள ஓர் இணைப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நேரடி முகவரி இருக்கிறதா, அல்லது டைரக்டரியின் சொந்த நிரல் ஒன்றின் வழியாகச் சுற்றிவிடப்படுகிறதா? இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி இருந்தால் அதை மட்டும் காரணமாக வைத்து ஒதுக்க வேண்டாம், வாசகர் சொடுக்குவதை அது தடுக்காது.

இரண்டு இடங்களில் உடனே திரும்பிவிடலாம். உங்கள் தளத்தில் எங்கள் இணைப்பை முதலில் போடுங்கள், பிறகு உங்களைச் சேர்ப்போம் என்று கேட்கும் டைரக்டரி ஒன்று. பணம் கட்டினால் இணைப்புச் சொல்லை, அதாவது சொடுக்கும் இடத்தில் தெரியும் சொல்லை, நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வது இன்னொன்று. பரிசீலனைக் கட்டணம் வாங்குவது மட்டும் தவறல்ல. பணத்துக்கு இணைப்பு விற்றால் அதில் பணம் வாங்கிய இணைப்பு என்று காட்டும் ஸ்பான்சர்டு குறி அல்லது நோஃபாலோ குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதை மறைத்து விற்பவரிடம் வாங்கினால் சிக்கல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

படிவத்தைத் திறக்கும் முன் தளத்தைச் சரி செய்யுங்கள். ஆசிரியர் பெரும்பாலும் ஒரே முறைதான் வந்து பார்ப்பார். முழுமையான பத்துப் பதினைந்து பக்கங்களாவது இருக்கட்டும். விரைவில் வரும் என்ற பலகை தொங்கும் பக்கம் ஒன்று கண்ணில் பட்டாலும் பல இடங்களில் நிராகரித்துவிடுவார்கள். யார் நடத்துகிறார்கள், எப்படித் தொடர்பு கொள்வது என்ற இரண்டு பக்கங்கள் கட்டாயம் வேண்டும். முகவரியின் முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள வடிவம், இல்லாத வடிவம், எச்டிடிபிஎஸ் வடிவம் எல்லாம் 301 எனப்படும் நிரந்தரத் திருப்புதலோடு ஒரே இறுதி முகவரியில் முடிய வேண்டும். படிவத்தில் கொடுக்க வேண்டியதும் அந்த இறுதி முகவரிதான். வருகையை அளக்கச் சேர்க்கும் வால்களை முகவரியின் பின்னால் ஒட்டாதீர்கள், பல ஆசிரியர்கள் அதைப் பார்த்ததுமே விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. டைரக்டரிகள் அவ்வப்போது நிரல் ஒன்றை அனுப்பி இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று சோதிக்கும். டிமாஸில் இதைச் செய்த நிரலுக்கு ரோபோசில்லா என்று பெயர். உங்கள் பாதுகாப்புச் சுவர் அப்படி வரும் நிரல்களுக்கு மனிதரா என்று சோதிக்கும் பக்கத்தையோ அனுமதி இல்லை என்று சொல்லும் 403 பிழையையோ காட்டினால், தளம் இறந்துவிட்டது என்று குறித்துப் பதிவைத் தாமாகவே எடுத்துவிடுவார்கள். ஏற்றுக்கொண்ட பதிவு சில மாதங்களில் காணாமல் போனால் முதலில் சர்வர் பதிவேட்டில் இந்தப் பிழையைத் தேடுங்கள். முகப்புப் பக்கத்துக்கு மட்டுமாவது அந்தக் கெடுபிடியைத் தளர்த்தி வையுங்கள்.

இனி பிரிவு. மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போங்கள். உங்கள் தளத்தின் பெரும்பகுதி எந்தக் கடைசிக் கிளைக்குப் பொருந்துகிறதோ அங்கே நில்லுங்கள். பெரிய பிரிவில் சேர்ந்தால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று நினைத்து மேல்தட்டில் கொடுப்பதுதான் நிராகரிப்புக்கும் தாமதத்துக்கும் முதல் காரணம். அந்த மேல்பிரிவின் ஆசிரியர் அதைச் சரியான கிளைக்குத் தள்ளிவிட வேண்டும், அங்கே அது மறுபடி வரிசையில் நிற்கும். மொழியையும் கவனியுங்கள். டிமாஸ் வழிவந்த அமைப்பில் ஆங்கிலம் அல்லாத தளங்கள் அந்தந்த மொழிக்கான தனிக் கிளையில்தான் வரும். தமிழ்த் தளத்தை ஆங்கிலப் பிரிவில் கொடுத்தால் படிக்கத் தெரியாத ஆசிரியர் கையில் அது கிடக்கும். பிரிவுப் பக்கத்திலேயே தளம் பரிந்துரைக்கும் இணைப்பு இருந்தால் அதன் வழியாகவே போங்கள், பிரிவு தானாகப் படிவத்தில் ஏறிவிடும்.

தலைப்பில் தளத்தின் உண்மையான பெயரை மட்டும் எழுதுங்கள். அந்தத் தலைப்புத்தான் இணைப்புச் சொல்லாக மாறும். ஒரே தேடல் சொல்லை எல்லா டைரக்டரியிலும் தலைப்பாகக் கொடுத்தால், எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சொல்லில் இணைப்புகள் வந்து விழும். இயற்கையாக அப்படி நடக்காது, ஸ்பேம் கண்டுபிடிக்கும் நிரல்கள் தேடுவது இந்தத் தடயத்தைத்தான்.

விளக்கம் எழுதுவது தனிக் கலை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், எவ்வளவு நல்லது என்று சொல்லக் கூடாது. பழைய தையல் இயந்திரங்களைப் பற்றிய தளம் என்று வைத்துக்கொள்வோம். ‘உலகின் தலைசிறந்த தையல் இயந்திரத் தளம், இன்றே வாருங்கள்!’ என்று எழுதினால் ஆசிரியர் அதை அப்படியே நீக்கிவிட்டுத் தானே எழுத வேண்டும், அல்லது பதிவையே தள்ள வேண்டும். ‘கையாலும் காலாலும் இயக்கும் பழைய தையல் இயந்திரங்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் முறை, உதிரி பாகங்களின் படங்கள், எண்ணெய் விடும் இடங்களின் வரைபடம்’ என்று எழுதினால் திருத்த வேலையே இல்லை. ‘நாங்கள்’, ‘உங்கள்’, ஆச்சரியக்குறி, விலை, தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் 25 முதல் 30 சொற்களுக்குள் என்பது டிமாஸ் வகுத்த அளவு. தமிழில் சொற்கள் நீளம் என்பதால் பதினைந்து இருபதே போதும். ஒரு வரியில், இரண்டு வரியில், நான்கு வரியில் என்று மூன்று அளவுகளில் முன்பே எழுதி வைத்துக்கொண்டால் எந்தப் படிவமும் தொல்லை தராது.

தமிழில் நிரப்புபவர்களுக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. பல டைரக்டரிகள் பழைய மென்பொருளில் ஓடுகின்றன. அவற்றில் 255 என்ற வரம்பு சில நேரம் எழுத்துகளை அல்ல, பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. ‘கோ’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்து 6 பைட்டு. ஆக 255 பைட்டில் சுமார் பத்துச் சொற்கள்தான் நிற்கும், மீதி வெட்டுப்படும். வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தால் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரியும். விளக்கம் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு கோளாறு, அவர்களுடைய தரவுத்தளத்தில் யூனிகோடு இல்லை. அங்கே தமிழில் திருத்தித் திருத்தி அனுப்பிப் பயனில்லை, ஆங்கிலத்தில் விளக்கம் கொடுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

முகவரிக்கும் இதே கதிதான். தமிழ் எழுத்துள்ள பக்க முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். 30 குறியீடுகள் உள்ள தலைப்பு 270 எழுத்தாகிவிடும், படிவம் அதை வெட்டும், இணைப்பு உடையும். முகப்பு முகவரியைக் கொடுப்பதே பாதுகாப்பு. டொமைனே தமிழில் இருந்தால் அதன் ப்யூனிகோடு வடிவத்தை, அதாவது xn-- என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவத்தை, கொடுங்கள்.

மின்னஞ்சல் உங்கள் டொமைனிலேயே இருக்கட்டும், ஆனால் அன்றாடம் பயன்படுத்தும் முகவரி வேண்டாம். இதற்கென்று ஒன்றைத் தனியாகத் திறங்கள். டைரக்டரிகளில் கொடுக்கும் முகவரிக்கு விளம்பர அஞ்சல் குவியும். அதற்காக அந்த முகவரியை மூடிவிடவும் கூடாது, பின்னால் பதிவைத் திருத்தக் கேட்டால் உறுதிப்படுத்தும் அஞ்சல் அங்கேதான் வரும். அனுப்பிய உடனே ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். உறுதி இணைப்பைச் சொடுக்காத பதிவு ஆசிரியர் வரிசைக்கே போகாத இடங்கள் பல.

அனுப்பிய பிறகு பொறுமை வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் இடத்தில் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், நிராகரித்தால் தெரிவிக்கவும் மாட்டார்கள். வாரம் ஒருமுறை மறுபடி அனுப்புவது உதவாது. சில அமைப்புகளில் புதிய விண்ணப்பம் பழையதன் மேல் ஏறி, தேதி புதிதாகி, வரிசையில் பின்னுக்குப் போகும். சில மாதங்கள் கழித்துப் பிரிவுப் பக்கத்தைப் பாருங்கள். இல்லையென்றால் பிரிவு சரிதானா, தளத்தில் சொந்த உள்ளடக்கம் போதுமா என்று யோசித்துத் திருத்திய பிறகு ஒரே ஒரு முறை மறுபடி அனுப்புங்கள். பிற தளங்களிலிருந்து எடுத்தவையும் துணைவிற்பனை (அஃபிலியேட்) இணைப்புகளும் மட்டுமே உள்ள தளத்தை எத்தனை முறை அனுப்பினாலும் நல்ல டைரக்டரி எடுக்காது. அதுவே அதன் நன்மை.

ஏற்கெனவே யாரிடமோ பணம் கொடுத்து நூற்றுக்கணக்கில் ஏற்றிவிட்டவர்கள் பதற வேண்டாம். 2016க்குப் பிறகு பெங்குவின் அத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் மதிப்பில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் இயற்கைக்கு மாறான இணைப்புகள் பற்றிய நடவடிக்கை அறிவிப்பு வந்திருந்தால் மட்டும், நீக்கச் சொல்லி எழுதிப் பார்த்துவிட்டு, மீதமுள்ள டொமைன்களை, முன்னால் domain: சேர்த்து, உரைக்கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி கூகுளின் இணைப்பு மறுப்புக் கருவியில் ஏற்றுங்கள். அறிவிப்பு இல்லாதபோது அந்தக் கருவியைத் தொட்டால் நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிவிட வாய்ப்பு உண்டு.

கடைசியாக, ஒவ்வொரு பதிவையும் விரிதாளில் குறித்து வையுங்கள்: டைரக்டரி, பிரிவுப் பக்க முகவரி, அனுப்பிய தேதி, கொடுத்த தலைப்பும் விளக்கமும், பயன்படுத்திய மின்னஞ்சல், கடவுச்சொல் இருக்கும் இடம். டொமைன் மாறும் நாளில்தான் இதன் அருமை தெரியும். அப்போது பழைய டொமைனைப் புதியதற்கு 301 ஆல் திருப்பி, விரிதாளைப் பார்த்து ஒவ்வொரு டைரக்டரியிலும் முகவரியைத் திருத்தக் கேளுங்கள். எல்லா இடத்திலும் மாறும்வரை பழைய டொமைனைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். காலாவதியாக விட்டால் அதை வேறொருவர் வாங்கிச் சூதாட்டத் தளம் ஏற்றிவிடுவார், டைரக்டரியில் உங்கள் பெயரின் கீழ் அது திறக்கும்.